பழைய பிரிண்டர், புது விண்டோஸ்: திரும்பிப் போவதா, சமாளிப்பதா, மாற்றுவதா?

போன வருஷம் ஆயுத பூஜைக்குக் கும்பகோணம் போயிருந்தேன். வீட்டு முன்னறையில் அப்பா 1998 முதல் டிடிபி வேலை பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில்தான். மேட்டரை அடித்து, டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்குக் கொடுப்பார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், "நீ வந்ததும் பண்ணிக் கொடு" என்று எனக்காகக் காத்திருந்தார். பூஜை முடிந்த மறுநாள் சாயங்காலம் விண்டோஸ் 11 ஏற்றினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேட்டர் வாங்க ஆள் வந்து வாசலில் நிற்கிறார், பிரிண்டர் அசையவில்லை.

"என்னடா பண்ண? மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு."

குரலில் கோபத்தைவிடக் கலக்கம்தான் அதிகம் தெரிந்தது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை கையில் இருந்தன.

அடுத்த ஒரு மாதம் அந்த ஒரு கணினியோடு மல்லுக்கட்டியதில், இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். சிலவற்றைச் செய்து பார்த்தேன், சிலவற்றை விசாரித்ததோடு விட்டேன். எல்லா வழியும் எல்லோருக்கும் பொருந்தாது. எது பொருந்தும் என்பது எது உடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது?

"அப்கிரேடு பண்ணினேன், ஓடலை" என்று ஒரே வாக்கியத்தில் சொன்னாலும் உள்ளே மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம்.

முதலாவது டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர், பழைய எழுத்துருத் தொகுப்புகளோடு வந்த டாங்கிள் பூட்டு (கணினியில் செருகினால்தான் மென்பொருளைத் திறக்க விடும் சாவி) ஆகியவற்றுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று பேசும் மென்பொருள் அது. விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 2021 அக்டோபர் 5-ல் வந்த நாளிலிருந்து 64 பிட் மட்டும்தான். அப்பாவுடைய கணினி எட்டாம் தலைமுறை ஐ3. டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ராம் என்று விண்டோஸ் 11 கேட்கும் தகுதி எல்லாம் அதற்கு இருந்தது. ஆனால் 2019-ல் அதை அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் 32 பிட் விண்டோஸ் 10 போட்டிருந்தார். அந்தப் பிரிண்டருக்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார். அதற்கு 64 பிட் டிரைவர் கிடையாது. எனக்கு இது தெரியாது. 32-லிருந்து 64-க்கு இருப்பதன் மேலேயே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்று தெரிந்த இடத்திலேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்று ஒரு வரி இருக்கும். அப்கிரேடு செய்வதற்கு முன்னால் அந்த ஒரு வரியை வாசித்துவிடுங்கள்.

டிரைவர் இல்லாவிட்டால் எல்லாப் பிரிண்டரும் செத்துப்போய்விடுவதில்லை. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுமொழிகளைப் புரிந்துகொள்ளும் பிரிண்டராக இருந்தால், அதே நிறுவனத்தின் பொது டிரைவரோ விண்டோஸிலேயே இருக்கும் டிரைவரோ போதும். சிக்கல் வீட்டு உபயோகத்துக்கென்று மலிவாக வந்த லேசர் பிரிண்டர்களில்தான். அவற்றுக்குள் சொந்த மூளை குறைவு. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் வேலையைக் கணினியே செய்து, அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் அனுப்ப வேண்டும். ஆகவே அந்தக் குறிப்பிட்ட டிரைவர் இல்லையென்றால் இயந்திரம் புத்தம்புதிதாகவே இருந்தாலும் பயனில்லை. உங்களுடையது எந்த வகை என்று அறிய, பிரிண்டரின் விவரத் தாளில் 'பிரிண்டர் லாங்குவேஜ்' என்ற வரியைப் பாருங்கள். பிசிஎல் 5, பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 என்று இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். 'ஹோஸ்ட் பேஸ்டு' என்றோ 'ஜிடிஐ' என்றோ மட்டும் இருந்தால் அப்பாவுடைய நிலைமைதான்.

இரண்டாவது, புரோகிராம். பலர் பயப்படும் அளவுக்கு இங்கே சிக்கல் இல்லை. 32 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும். 16 பிட் புரோகிராம்கள்தான் ஓடாது. 1990-களின் கடைசியில் வந்த சில மென்பொருள்களில் புரோகிராம் 32 பிட்டாக இருக்கும், அதை நிறுவித் தரும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். செட்டப் திறக்காததைப் பார்த்துவிட்டு மென்பொருளே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. அந்தக் கால மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுதி வைக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை. நிறுவும்போதே டி டிரைவில் தனி ஃபோல்டர் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மூன்றாவது எழுத்துரு. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தமிழில் வேலை செய்பவருக்குத் தூக்கம் போய்விடும். லதா எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு கோப்பைத் திறக்கிறீர்கள். வரிகள் இடம் மாறி, இரண்டு பக்கம் மூன்றாகி நிற்கிறது. கோப்பு கெடவில்லை. விண்டோஸ் 10 வந்தபோதே லதாவும் விஜயாவும் தானாக வரும் எழுத்துருக்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற விருப்பத் தொகுப்புக்குள் போய்விட்டன. புதிதாக நிறுவிய கணினியில் அவை இல்லாததால் நிர்மலா எழுத்துரு அந்த இடத்தை நிரப்புகிறது, அகலம் மாறிவிடுகிறது. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி அந்தத் தொகுப்பைச் சேர்த்தால் சில நிமிடத்தில் பழையபடி வந்துவிடும்.

பாமினி, டாம், டாப், டிஸ்கி முதலிய பழைய குறியாக்கங்களில் (ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் முறைகள்) அடித்தவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. ரீஜன் அமைப்புகளுக்குள், 'சேஞ்ச் சிஸ்டம் லொக்கேல்' பெட்டியில், 'உலகளாவிய மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து' என்ற பொருளில் பீட்டா என்று போட்ட ஒரு டிக் இருக்கும். தமிழுக்கு நல்லதுதானே என்று நினைத்து யாராவது அதைப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருந்தேன். யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்களில் 127-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள் எல்லாம் அதனால் சிதறும். டாம், டாப், டிஸ்கி மூன்றிலும் தமிழ் எழுத்துகள் இருப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். பாமினியில் பெரும்பகுதி கீழே இருப்பதால் மேட்டர் ஏறக்குறைய சரியாகத் தெரியும்; ஒன்றிரண்டு எழுத்துகள் மட்டும் காணாமல் போகும். இது இன்னும் ஆபத்து. முழுக்கக் குப்பையாகத் தெரிந்தால் கண்ணில் படும். ஒற்றை எழுத்து காணாமல் போனால் பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படும். டிக்கை எடுத்துவிட்டுக் கணினியை ஒருமுறை மூடித் திறந்தால் போதும்.

ஆக, எழுத்துருவில்தான் குறை என்றால் திரும்பிப் போக வேண்டியதில்லை. புரோகிராமில் என்றால் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்யலாம். டிரைவர் என்றால்தான் கீழே வரும் பெரிய வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பிப் போவது

விண்டோஸ் 10-ன் மேலேயே 11-ஐ ஏற்றியவர்களுக்குப் பத்து நாள் அவகாசம் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, அங்கே 'கோ பேக்' என்ற பொத்தான். பழைய விண்டோஸ், 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் அப்படியே இருக்கும். உங்கள் கோப்புகள் தங்கும். அப்கிரேடுக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் போகும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழித்துவிட்டால் கதை முடிந்தது. பத்து நாள் போதாது என்று தோன்றினால், அந்தப் பத்து நாளுக்குள்ளேயே கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கும் டிஸ்ம் என்ற கட்டளையைக் கொண்டு 60 நாள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். தெரிந்தவர் யாராவது இருந்தால் ஐந்து நிமிட வேலை. பொறுமையாகச் சோதித்துப் பார்க்க விரும்பும் எவருக்கும் முதல் வேலையாக இதைத்தான் செய்யச் சொல்வேன்.

புதிதாக நிறுவியவர்களுக்கு அந்தப் பொத்தானே இருக்காது. எங்களைக் காப்பாற்றியது கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தை. அப்கிரேடுக்கு எஸ்எஸ்டி வாங்கப் போனபோது, "பழைய ஹார்ட் டிஸ்க்க தொடாதீங்க தம்பி. அத கழட்டி ஓரமா வைங்க. புதுசுல ஏத்திப் பாருங்க, ஒத்து வரலைன்னா திரும்ப மாட்டிக்கலாம்" என்றார். வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்கப் போனவன் நான். அவர் சொன்னதன் அருமை அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்குத்தான் புரிந்தது. மூடியைக் கழற்றி, சாட்டா வயரைப் பழைய டிஸ்க்கில் மாட்டி, பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பூட் முறையை லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றியதும் பழைய திரை வந்தது. பிரிண்டரின் பச்சை விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. வாசலில் நின்றவர் பத்தரைக்குள் மேட்டரோடு போனார்.

திரும்பிப் போவதில் கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாளைக்கு? அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு என்று மைக்ரோசாஃப்ட் வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. ஒத்திசைக்க வேண்டாம் என்றால் 1000 ரிவார்டு புள்ளிகள், அல்லது 30 டாலர். விண்டோஸ் 10-ன் 22ஹெச்2 பதிப்பாக இருக்க வேண்டும். அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். வேலையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு வருஷம் கிடைக்கிறதே என்று எடுத்துக்கொண்டால் இது நல்ல வழி. அந்த ஒரு வருஷமும் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டால், அடுத்த ஆயுத பூஜைக்கும் இதே வாசலில் இதே ஆள் நிற்பார்.

அங்கேயே சரிசெய்வது

64 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போனவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் போதும். தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 11 டிரைவர் இல்லாவிட்டாலும், அதே மாடலுக்கு விண்டோஸ் 10-ன் 64 பிட் டிரைவர் இருந்தால் அதை ஏற்றிப் பாருங்கள், அநேகமாக ஓடும். கூகுளில் தேடினால் முதலில் வரும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். இல்லாத டிரைவரை அவற்றால் உண்டாக்க முடியாது, வேண்டாததைக் கொண்டுவந்து இறக்கும்.

கம்பாட்டிபிலிட்டி மோடு பற்றி நிறையப் பேர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஐகானை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் விண்டோஸ் 7 என்றோ எக்ஸ்பி என்றோ தேர்ந்தெடுத்தால், 'நீ அந்த விண்டோஸில்தான் ஓடுகிறாய்' என்று அந்தப் புரோகிராமுக்குச் சொல்லி, சில பழைய நடத்தைகளையும் விண்டோஸ் அதற்குக் காட்டுகிறது. 'இந்த விண்டோஸில் ஓட மாட்டேன்' என்று அடம்பிடிக்கும் மென்பொருளுக்கு அது உதவும். டிரைவருக்கு உதவாது. 16 பிட்டுக்கும் உதவாது. பேஜ்மேக்கர் அப்பாவுடைய புது விண்டோஸில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் ஒன்றிலேயே திறந்துகொண்டது.

விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'கோர் ஐசொலேஷன்' என்ற இடத்தில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. அது ஓடிக்கொண்டிருந்தால் சில பழைய டிரைவர்களை ஏற விடாது. எவை ஒத்துவரவில்லை என்ற பட்டியலையும் அங்கேயே காட்டும். அதை அணைத்துவிட்டால் ஸ்கேனர் ஓடிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, பல நேரம் ஓடவும் செய்யும். ஆனால் அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் நடக்கிறது என்றால் ஒரு பழைய ஸ்கேனருக்காக அதை அணைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்கேனருக்கு வேறு வழி இருக்கிறது. வியூஸ்கேன் என்ற கட்டண மென்பொருள், கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர்களோடு பேசும். இலவசச் சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் முத்திரை விழும். உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா என்று பார்க்க அது போதும், பிறகு வாங்கலாம்.

விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்புக்குப் போனவர்கள் வீட்டு நெட்வொர்க்கில் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்றால், அது பாதுகாப்பு விதிகளை இறுக்கியதன் விளைவு. பகிரும் கணினியில் ஒரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வைத்துவிடுங்கள்.

கணினிக்குள் கணினி

விர்ச்சுவல் மெஷின் என்பது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 11-க்குள் ஒரு ஜன்னலில் முழுப் பழைய கணினி ஒன்றை ஓடவிடுவது. இதற்கென்று மைக்ரோசாஃப்ட் தரும் ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். உள்ளே போடும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ராமை 8 ஜிபி ஆக்கினேன், பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்தேன், உள்ளே 32 பிட் விண்டோஸ் 10-ஐப் போட்டு 2 ஜிபி ஒதுக்கினேன். அதற்கு நெட்வொர்க் இணைப்பே கொடுக்கவில்லை. இணையமே தொடாத கணினிக்குத் திருத்தங்கள் வராவிட்டாலும் பெரிய கவலை இல்லை. 'ஷேர்டு ஃபோல்டர்' ஒன்று மட்டும் திறந்துவைத்தேன். பேஜ்மேக்கர், பாமினி, அப்பாவின் பழைய டெம்ப்ளேட்டுகள் எல்லாம் உள்ளே போயின.

பிரிண்டரையும் யூஎஸ்பி வழியாக உள்ளே கடத்தலாம். கடத்தினேன்; 32 பிட் டிரைவர் ஏறியது, பிரிண்டும் வந்தது. ஆனால் தினப்படி வேலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பிரிண்டர் தூங்கி எழுந்தால் சில நேரம் வெளியே உள்ள விண்டோஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். மெனுவுக்குப் போய் மறுபடி உள்ளே தள்ள வேண்டும். எனக்கு அது இரண்டு கிளிக். அப்பாவுக்கு, வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது வியர்க்க வைக்கிற விஷயம். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "இதுல மேட்டர் அடிக்கிறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லடா. பிரிண்டு கொடுக்கறப்பதான் கை நடுங்குது."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வழி கிடைத்தது. உள்ளே மேட்டரைத் திறந்து, 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து, பகிர்ந்த ஃபோல்டரில் போட்டுவிடுவது. எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே பதிந்து வருவதால் வெளியே பாமினி இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வெளியிலிருந்து எந்தப் பிரிண்டரிலும் அடித்துக்கொள்ளலாம். பழைய மென்பொருளுக்கு விர்ச்சுவல் மெஷின் அருமையான இடம். பழைய இயந்திரத்துக்கு அது வாடகை வீடு மாதிரிதான்.

லினக்ஸ் பக்கம் போகலாமா?

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளம். பிரிண்டருக்கு மட்டும் என்றால் கட்டாயம் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய வழி. விண்டோஸ் கைவிட்ட மலிவு லேசர் பிரிண்டர்களில் ஒரு பகுதிக்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற திறமூல டிரைவர் லினக்ஸில் இருக்கிறது. உங்கள் மாடலுக்கு ஆதரவு உண்டா என்று ஓப்பன்பிரிண்டிங் தளத்துப் பட்டியலில் பார்க்கலாம். நிறுவ வேண்டியதும் இல்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் துவக்கி, ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடலாம்.

ஓடினால் இன்னொரு வசதியும் கிடைக்கும். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலோ லினக்ஸ் போட்டு, பிரிண்டரை அதில் மாட்டி, கப்ஸ் என்ற அச்சுச் சேவை வழியாக வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டால், விண்டோஸ் 11 அதைத் தனி டிரைவர் எதுவும் கேட்காமல் நெட்வொர்க் பிரிண்டராக ஏற்றுக்கொள்ளும். உங்கள் பிரிண்டரின் லினக்ஸ் டிரைவர் திறமூலமாக இருந்தால்தான் ராஸ்பெர்ரி பையில் சாத்தியம் என்பதை மட்டும் கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள பிரிண்டரைக் குப்பைக்கு அனுப்ப மனசு வராதவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான். அப்பாவுடைய மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முழு வேலையையும் லினக்ஸுக்கு மாற்றுவது வேறு விஷயம். கடிதம், கணக்கு, இணையம் என்று இருப்பவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத கணினிக்கு அதைவிட நல்ல மறுவாழ்வு கிடையாது. மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. ஆனால் 27 வருஷமாகப் பேஜ்மேக்கரில் கை பழகிய ஒருவரிடம் அறுபது வயதுக்கு மேல் அதைக் கேட்கலாகாது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸ் டிரா திறக்கும் என்பது உண்மை. உள்ளே உள்ள மேட்டரை மீட்க உதவும். பக்கம் அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்டிசைன்கூட சிஎஸ்6 வரைக்கும்தான் அந்தக் கோப்புகளைத் திறந்தது, அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதில் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு கதவு மூடிக்கொண்டுதான் வருகிறது.

புதுப் பிரிண்டர் வாங்குவது

தோற்றுப்போனதாக நினைத்து இதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். எவ்வளவு நேரத்தை இதற்குச் செலவிட்டேன் என்று எண்ணிப் பார்த்தபோது, பிசிஎல் தெரிந்த ஒரு சாதாரண லேசர் பிரிண்டரை முதல் வாரத்திலேயே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் ஒன்றை அறிவித்தது: நிறுவனங்களின் தனித்தனிப் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தி, எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவான ஐபிபி முறைக்குப் போகப் போகிறார்கள். எனவே இன்று வாங்குபவர்கள் பெட்டியில் 'மோப்ரியா' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படிப்பட்ட பிரிண்டர்கள் தனி டிரைவர் கேட்காதவை, அடுத்த விண்டோஸிலும் ஓட வாய்ப்பு அதிகம். கூடவே, டோனர் ரீஃபில் உள்ளூரில் செய்ய முடிகிறதா, காட்ரிட்ஜில் சிப் இருக்கிறதா என்று ரீஃபில் போடுபவரிடமே கேளுங்கள். கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள். டிரேசிங் பேப்பரில் எடுப்பவர்கள் ஒரு தாளைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே அடித்துப் பாருங்கள். சில பிரிண்டர்களில் சூட்டுக்குத் தாள் சுருண்டு வருகிறது. நாங்கள் முதலில் பார்த்த மாடலை அதனால்தான் விட்டோம்.

எங்கள் வீட்டில் கடைசியில் நடந்தது இந்த வழிகளின் கலவைதான். ஐப்பசி முகூர்த்தம் முடியும்வரை பழைய டிஸ்க், நெட் வயரைப் பிடுங்கிவிட்டு. ஏழு பத்திரிகையும் அதில்தான் போயின. தீபாவளிக்குப் பிறகு எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸில் பேஜ்மேக்கர், வெளியே புதுப் பிரிண்டர். பழைய டிஸ்க் ஆன்டி-ஸ்டேடிக் கவரில், தேதி எழுதி, பீரோவில் இருக்கிறது.

இதே நிலைமையில் என் நண்பர் யாராவது கேட்டால், அவரிடம் இருப்பது பத்து இருபது கோப்புகள்தான் என்றால் பிடிஎஃப்பாக மாற்றிக்கொண்டு பழையதை மறந்துவிடச் சொல்வேன். புகைப்படமும் கடிதமும் மட்டும் உள்ள வீடு என்றால் விர்ச்சுவல் மெஷினே வேண்டாம். லதாவைச் சேர்த்து, ஒரு பிரிண்டர் வாங்கினால் போதும். வருமானம் அந்தக் கணினியை நம்பி இருக்கிறதென்றால், பழைய டிஸ்க்கைத் தனியே கழற்றி வைக்காமல் எந்த அப்கிரேடையும் தொட விடமாட்டேன்.

புதுப் பிரிண்டர் வந்த அன்று அப்பா ஒரே மேட்டரைப் பழையதிலும் புதியதிலும் எடுத்து, இரண்டு டிரேசிங் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். 'சுபமுகூர்த்தம்' என்ற சொல்லின் சுழிகளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். வரிக்கு வரி ஒத்துப்போனது. "புதுசுல கருப்பு நல்லா நிக்குது" என்றார். இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கோப்புகளில் பத்துப் பதினைந்தை எடுத்துப் பிடிஎஃப் ஆக்குகிறார். கல்யாணம் ஆனவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது, "அப்பாவோட பத்திரிகை இருக்கா மாமா?" என்று கேட்டு வருகிறார்களாம். 1998 முதல் 2003 வரை முடிந்துவிட்டது. 2004 ஃபோல்டரில் நாற்பது கோப்பு பாக்கி.